பழைய கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆண்டு: டெல்டாவின் காட்டுப்பூக்களையும் உயிர்களையும் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

தரங்கம்பாடி, நாகப்பட்டினம், காரைக்கால், தஞ்சாவூர் என்று டெல்டாவின் பழைய ஊர்களில் எல்லாம் சுவர் எழுப்பிய ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள நிலம் முழுக்க உழவும் பூச்சிமருந்தும் கண்டது. அந்தச் சுவருக்குள் மட்டும் ஏர் இறங்குவதில்லை. அதனால்தான் வரப்புகளில் இப்போது தேடிப் பார்க்க வேண்டிய செடிகள் அங்கே தானாக முளைத்துப் பூத்து விதை போடுகின்றன. அவற்றை நம்பிப் பூச்சி, பூச்சியை நம்பிப் பறவை.

அப்படி ஒரு தோட்டத்தை ஓர் ஆண்டு முழுக்கப் பின்தொடர்ந்து பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் இடுகாட்டுக்கும் மையவாடிக்கும் இதே முறை பொருந்தும். யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் மாறும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோ கேமராவோடு வருவார்கள். அப்போதுதான் வெயில் இதமாக இருக்கும், பூவும் நிறைய இருக்கும். பங்குனியில் எல்லாம் காய்ந்துவிட்டது என்று நின்றுவிடுவார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரு பருவத்தின் படங்கள் மட்டும். எது எப்போது முளைத்தது, எது விதை போடும் முன் வெட்டுப்பட்டது என்பதெல்லாம் விட்டுப்போயிருக்கும். டெல்டாவில் செடிகளின் ஆண்டு புரட்டாசியில் தொடங்குகிறது. உங்கள் நோட்டும் அப்போதே தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையும் அந்தக் கணக்கில்தான்.

1. ஆவணியிலேயே அனுமதி வாங்குங்கள்

முதலில் தோட்டம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கத்தோலிக்கத் தோட்டம் என்றால் பங்குத்தந்தை, லுத்தரன், சி.எஸ்.ஐ. திருச்சபை என்றால் போதகர் அல்லது சபைக் கமிட்டி. தொல்லியல் துறையின் பலகை இருந்தால் அந்தத் துறையிடமும் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன செய்யப்போகிறீர்கள், எந்த நாட்களில் வருவீர்கள், எதையும் பறிக்கவோ தோண்டவோ மாட்டீர்கள். முத்திரையிட்ட நகல் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குள் குனிந்து எதையோ தேடும் ஆளைப் பார்த்தால் தெருக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

கடிதத்தைவிட முக்கியமான ஒருவர் உண்டு. கேட்டைத் திறந்து மூடுபவர், புல் வெட்டுபவர், குழி தோண்டுபவர். பல ஊர்களில் மூன்றும் ஒரே ஆள். “அண்ணே, இந்தப் பக்கம் பாம்பு எங்க கிடக்கும்?” என்று கேட்டால் போதும், மறுபடி கேட்கத் தேவையிருக்காது, எந்தப் பொந்தில் கீரி, எந்தப் பனையில் ஆந்தை என்று தானே நடந்து காட்டுவார். அவர் சொல்வதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் அதில் பெரும்பகுதி சரியாக இருக்கும்.

ஆவணியில் ஏன்? ஐப்பசியின் முதல் பாதியில் நடக்கும் சுத்தப்படுத்தும் வேலையைப் பற்றிப் பேச உங்களுக்கு அவகாசம் வேண்டும். அதை 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

கெட்டி அட்டை நோட்டு, பென்சில். மழையில் பேனா மை கலங்கும், பென்சில் நிற்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. காட்டுப்பூக்களில் பாதி கடுகு அளவுதான் என்பதால் இது இல்லாமல் வேலை ஓடாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த பேன்ட், இடுப்பளவு தடி ஒன்று. செல்போன் கேமரா போதும். பறவை பார்க்க பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். குடிதண்ணீர், கொசுக்கு ஏதாவது ஒரு களிம்பு.

பூட்ஸ் பாம்புக்கு மட்டும் அல்ல. மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் காலில் உள்ள சிறு புண் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். செருப்போடு வருகிறவர்களை அந்த மாதங்களில் நான் உள்ளே அழைத்துப்போவதில்லை.

3. கால் வைக்கும் முன் பாம்பு

பழைய செங்கல் கல்லறைகள் உள்ளே பொள்ளலாக இருக்கும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடைவெளியில் எலி வளை தோண்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். டெல்டாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் மூன்றையும் எதிர்பார்த்தே நடக்க வேண்டும். இதில் கட்டுவிரியன் இரவில் நடமாடும்; அதன் கடி வலிக்காமலே போகலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

தடியால் முன்னால் தட்டிக்கொண்டே நடங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள். உதிர்ந்த பலகைக் கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். கல்லறை மேல் ஏறாதீர்கள். மரியாதை ஒரு காரணம். மேல்கல் உடைந்து கால் உள்ளே போய்விடும் என்பது இன்னொன்று.

கடிபட்டுவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை கால் அசையாமல் வைத்து, 108க்கு அழைத்து, நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தனியாக உள்ளே போகாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

செடிகளிலும் கவனம் வேண்டும். கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தள் முழுச்செடியும் விஷம். குண்டுமணி, ஊமத்தை, அரளியும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பிள்ளைகளை அழைத்து வந்தால் முதல் பாடம் இதுதான்: பார், தொடாதே, வாயில் வைக்காதே.

4. வரைபடம்: கல்லறைகளே அடையாளம்

வயல்வெளியில் ஒரு செடியை மறுமாதம் கண்டுபிடிப்பது கஷ்டம். இங்கே கல் நகராது. அதுதான் கல்லறைத் தோட்டத்தின் பெரிய வசதி. கட்டம் போட்ட தாளில் சுவர், கேட், பாதை, பெரிய மரங்கள், எளிதில் தெரியும் பழைய கல்லறைகள் இவற்றை வரையுங்கள். தூரத்தை அடிக்கணக்கில் நடந்து அளந்தால் போதும். பழைய கல்லறைகளுக்கு நீங்களே எண் கொடுங்கள். அண்மையில் அடக்கமானவர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் படத்திலோ பதிவிலோ சேர்க்க வேண்டாம். அந்தக் குடும்பங்களுக்கு அது துக்கத்தின் இடம்.

அப்புறம் தோட்டத்தை ஐந்து இடங்களாகப் பிரியுங்கள்: வெட்டவெளி, மரநிழல், சுவரோரம், நீர் தேங்கும் பள்ளம், கல்லறைகளின் மேற்பரப்பு. ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள். வெட்டவெளியில் நெருஞ்சியும் விஷ்ணுகிரந்தியும் தரையோடு படரும். நிழலில் குப்பைமேனி, நாயுருவி. சுவரோரம் கோவையும் வேலிப்பருத்தியும் முடக்கத்தானும் ஏறும். பள்ளத்தில் கரிசலாங்கண்ணி, கொஞ்சம் ஆழம் இருந்தால் நீர்முள்ளி.

கல்லறை மேற்பரப்பைத் தனி இடமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் நீரைக் குடித்து வைத்திருக்கும்; அதில் பாசி, சிறு பெரணி, சாம்பல் நிறக் கற்பாசி எல்லாம் வரும். சிமென்ட், கிரானைட் கல்லறைகளில் இவை அநேகமாக வராது. எழுத்தைப் படிக்கிறேன் என்று கம்பித் தூரிகையால் தேய்ப்பது, மாவோ சாக்பீஸோ பூசுவது இரண்டும் கூடாது. தேய்த்தால் கற்பாசியோடு எழுத்தும் போகும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் விழும்போது பாருங்கள். வெட்டெழுத்தில் நிழல் விழுந்து தானாகத் தெரியும். அப்படி வெயில் விழாத கல்லுக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்தாலும் சரி.

கல்லறை விரிசலில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ தெரிந்தால் வரைபடத்தில் குறித்து, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். விரல் தடிமனுக்குள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வேர் உள்ளே இறங்கிய பிறகு பிடித்து இழுத்தால் கட்டடமும் சேர்ந்து வரும்.

கடைசியாக, வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்கள் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு முழுக்க அதே சதுரத்தைப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். முளைக்குச்சி அடிக்காமல், பக்கத்துக் கல்லறையின் மூலையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வையுங்கள்.

5. நாள், நேரம், எழுதும் முறை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை, பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஞாயிறு வேண்டாம், குடும்பங்கள் வரும் நாள். போகும்போது அடக்கம் நடந்துகொண்டிருந்தால் பேசாமல் திரும்பிவிட்டு மறுநாள் வாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு முறை போவதுதான் சரியான முறை, பலரும் தவற விடுவதும் இதைத்தான். விஷ்ணுகிரந்தியின் குட்டி நீலப்பூ காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். துத்தி அதற்கு நேர் எதிர், சாயங்காலம்தான் மஞ்சளாக விரியும். ஊமத்தை இருட்டத் தொடங்கும்போது. காலையில் மட்டும் போகிறவர் நோட்டில் ‘துத்தி: பூ இல்லை’ என்று மாதக்கணக்கில் இருக்கும், செடி தினமும் பூத்துக்கொண்டிருக்கும். எனவே காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரையிலிருந்து ஆறு வரை.

உள்ளே போனதும் நடக்காதீர்கள். சுவரில் சாய்ந்து, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். கேட் சத்தத்தில் அடங்கிய பறவைகள் அதற்குள் மறுபடி பேசத் தொடங்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையைக் கிளறும், செண்பகம் புதருக்குள்ளிருந்து வெளியே வரும். நடந்துகொண்டே தேடுகிறவருக்குக் காக்கையும் மைனாவும்தான் கிடைக்கும்.

பிறகு ஒவ்வொரு முறையும் அதே பாதையில், அதே திசையில் சுற்றுங்கள். செடிக்கு நான்கு எழுத்து போதும்: மு (முளை), பூ, கா (காய்), வி (விதை உதிர்ந்தது). தேதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஊரார் சொல்லும் தகவல் ‘ஆடி கடைசியில’ என்று வரும், செயலியில் ஏற்ற ஆங்கிலத் தேதி வேண்டும். கடைசி மழை எப்போது பெய்தது, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்பதையும் தலைப்பிலேயே குறியுங்கள். டெல்டாவில் மழை இல்லாமலும் நிலம் நனையும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குப் பிறகு, வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊற்று ஏறினால், வாய்க்காலை ஒட்டிய தோட்டத்தின் பள்ளம் பச்சையாகும். இதைக் குறிக்காவிட்டால் ‘மழையே இல்லை, கரிசலாங்கண்ணி எப்படி வந்தது?’ என்று பின்னால் குழம்புவீர்கள்.

பெயரைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் நான்கு படம்: முழுச்செடி, இலையின் மேலும் கீழும், பூவின் பக்கவாட்டு, காய். இலையின் அடியைப் படம் பிடிக்காமல் வருவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கீழாநெல்லியின் காய் இலைக்காம்பின் அடியில் வரிசையாகத் தொங்கும். பச்சைத் தண்டுள்ளதும், தண்டு சிவந்த அதன் உறவுச்செடியும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அடியைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். படத்தைக் கீரை பறிக்கும் பாட்டிகளிடம், ஆடு மேய்ப்பவர்களிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு, படத்தை வைத்து உயிர்களின் பெயரைச் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றிச் சரிபாருங்கள். செயலி முதலில் சொல்லும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். இரண்டாவது மூன்றாவது பெயர்களையும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

6. நவம்பர் 2க்கு முன்: சுத்தம் செய்பவர்களோடு பேச்சு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரங்களில் குடும்பங்கள் வந்து புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்திக்கு இடம் செய்வார்கள். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. புரட்டாசி இடிமழையில் முளைத்த தும்பையும் நாய்க்கடுகும் அப்போதுதான் பூவுக்கு வரும். அதாவது ஆண்டின் முதல் பூக்காலமும் ஆண்டின் பெரிய வெட்டும் ஒரே வாரத்தில் மோதுகின்றன. ஓராண்டுச் செடிகள் விதை போடும் முன் அடியோடு போனால், அடுத்த ஆண்டு மண்ணில் மிச்சமிருக்கும் பழைய விதையை நம்பித்தான் முளைக்க வேண்டும். ஆண்டுக்காண்டு இப்படியே நடந்தால் அதுவும் தீரும்.

சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அம்மா அப்பாவின் கல்லறையைப் புதர் மூடிக் கிடக்க யார் விடுவார்கள்? கேட்க வேண்டியது வேறு. பாதையையும், குடும்பங்கள் வரும் கல்லறைகளையும் சுற்றிலும் நன்றாக வெட்டட்டும். உரிமை கொண்டாட யாருமில்லாத மிகப் பழைய பகுதியை மட்டும் தை வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் விதை விழுந்துவிடும். விட முடியாது என்றால் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். பல செடிகள் அடியிலிருந்து மறுபடி கிளைக்கும்.

களைக்கொல்லி அடிக்கும் யோசனை வந்தால் மட்டும் உறுதியாக நின்று பேசுங்கள். மருந்தில் கருகிய மொட்டை மண்ணுக்கு முதலில் வருவது பார்த்தீனியம். கோரையோ கிழங்காக மண்ணுக்குள் பிழைத்துக்கொள்ளும். அழிவது தும்பையும் விஷ்ணுகிரந்தியும்தான். மருந்துச் செலவும் ஆண்டுதோறும் திரும்ப வரும். கமிட்டிக்காரர்களிடம் பூவைவிட இந்தச் செலவுக் கணக்கு சீக்கிரம் எடுபடும்.

பதிலுக்கு நீங்கள் ஏதாவது செய்யுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குவது, சீமைக்கருவேலக் கன்றை வேரோடு எடுப்பது இரண்டும் நல்ல தொடக்கம். இரண்டையும் ஈரமண்ணில் செய்தால்தான் வேர் முழுசாக வரும். திருநாள் சுத்தத்துக்கு முந்தைய வாரம் கட்டாயம் ஒரு சுற்று போய் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுங்கள். பிறகு வெட்டுப்பட்டாலும் என்ன இருந்தது என்பது நோட்டில் இருக்கும்.

7. பருவம் பருவமாக எதைத் தேடுவது

புரட்டாசி. பூவைத் தேடாதீர்கள், முளையைத் தேடுங்கள். இரண்டிலைப் பருவத்திலேயே படம் எடுத்து வைத்தால் மறு ஆண்டு முளையைப் பார்த்தே பெயர் சொல்லலாம். செங்காந்தள் கொடி பற்றி ஏறும் விதத்தைப் பாருங்கள்: இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிக்கும். பூ முதலில் பச்சை கலந்த மஞ்சளாகத் தலைகீழாகத் தொங்கி, இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, சில நாட்களில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்று நிறம் தெரிந்தால் மூன்று வகை என்று எழுதிவிடாதீர்கள். நல்ல மழைக்குப் பின் ஈரமண்ணில் சிவப்பு வெல்வெட்டாகத் தம்பலப்பூச்சி ஊரும். வாலாட்டிக் குருவிகளும் பழுப்புக் கீச்சானும் வடக்கிலிருந்து வரத் தொடங்கும் மாதமும் இதுதான்.

ஐப்பசி, கார்த்திகை. மழை விட்ட இடைவெளியில் போங்கள். கடலோர மணலில், தரங்கம்பாடி போன்ற இடங்களில், நீர் சீக்கிரம் வடிந்துவிடும். உள்ளே களிமண் நிலத்தில் நாட்கணக்கில் நிற்கும். வளைகள் நிரம்பிப் பாம்பும் தேளும் மேட்டுக்கு வரும் என்பதால் கல்லறை மேடைகளின் பக்கம் கூடுதல் கவனம்.

இந்தப் பருவத்தின் விருந்தாளி ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடும். நிழலில் சருகைப் புரட்டி மேயும். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. நீண்ட இரவுப் பயணத்தில் களைத்துச் சில பறவைகள் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் புதர் உள்ள இடத்தில் விடுங்கள். காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மார்கழி, தை. பூவின் உச்சம். தும்பை, சிறுபீளை, மூக்குத்திப்பூ எனப்படும் வெட்டுக்காயப்பூண்டு, சங்குப்பூ, ஆவாரை. பனி நனைந்த காலையில் சிலந்தி வலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எண்ண அதைவிட நல்ல நேரம் கிடையாது. சுடுகாட்டுமல்லி என்று ஊரில் ஒதுக்கிவைத்திருக்கும் நித்தியகல்யாணி ஆண்டு முழுக்கப் பூக்கும். ரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகள் எடுக்கப்படும் செடி அது. அதைப் பட்டியலில் எழுதுங்கள். ‘எப்போதும் இருப்பதுதானே’ என்று விடப்படுவது அதுதான்.

எருக்கம் இலையைத் திருப்பிப் பாருங்கள், கையில் பால் படாமல். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி தனித்தனியாக முட்டை வைத்திருக்கும். புழு கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கருப்பு இழைகள். எருக்கின் நஞ்சைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். அதனால்தான் பட்டாம்பூச்சி ஆனபின்னும் அவசரமில்லாமல் பறக்கிறது. படம் எடுக்கப் பழக நல்லது. ஆடுதின்னாப்பாளை இருந்தால் அதன் அருகிலும் நில்லுங்கள். சிவப்பு உடல், கருப்பு இறகு கொண்ட பட்டாம்பூச்சி முட்டையிட அதைத்தான் தேடி வரும்.

மாசி, பங்குனி. பெரும்பாலானவர்கள் நிறுத்தும் மாதம், நீங்கள் நிறுத்தக்கூடாத மாதம். விதைகளைப் பதிவு செய்ய வேறு காலம் இல்லை. காலுறையில் ஒட்டும் நாயுருவி, காற்றில் பறக்கும் எருக்கம் பஞ்சு, செருப்பில் ஏறும் நெருஞ்சி என ஒவ்வொன்றும் எப்படிப் பரவுகிறது என்று எழுதுங்கள். பட்டாசுக்காய்ச் செடியின் காய்ந்த காயை ஒரு மூடித் தண்ணீரில் போட்டுக் காத்திருங்கள். சட்டென வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகள் வந்திருந்தால் அன்றைக்கு வேறு பாடம் தேவையில்லை. இந்த மாதங்களில் சருகுக்குத் தீ வைப்பார்கள். ஓணான், அரணை, தரையில் கூடு வைக்கும் பறவை எல்லாம் அதில் போகும். சருகை ஒரு மூலையில் குவித்து மக்கவிடச் சொல்லிப் பாருங்கள்.

சித்திரை, வைகாசி. தரையில் ஒன்றும் இருக்காது, மேலே பாருங்கள். வேம்பின் கடைசிப் பூ, புங்கன், இலையில்லாத கிளையில் கொத்தாகப் பூக்கும் ஈழத்தலரி. வெறுந்தரையில் ஆள்காட்டி முட்டையிடும். முட்டை மண்ணாங்கட்டிபோல இருக்கும் என்பதால், பறவை தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் ஓர் அடிகூட முன்வைக்காமல் வந்த வழியே திரும்புங்கள். மணல்சரிவில் வளை தோண்டும் பச்சைப் பஞ்சுருட்டானுக்கும் இதே மரியாதை. கோடைமழை பெய்தால் சில நாட்களில், யாரோ எப்போதோ கல்லறையில் நட்ட மழை லில்லி ஒரேயடியாகப் பூக்கும். அன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த மழைக்குத்தான்.

ஆனி, ஆடி. காற்று அதிகம், பட்டாம்பூச்சி குறைவு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தட்டான் பெருகும். மற்றபடி நோட்டைச் சரிபார்க்க நல்ல காலம்.

8. ஆந்தை கக்கிய உருண்டை

பழைய கட்டடமோ பொந்துள்ள மரமோ இருந்தால் கூகையோ புள்ளி ஆந்தையோ இருக்கும். அடியில் விரல் நீளத்தில் சாம்பல் கருப்பு உருண்டை கிடக்கிறதா பாருங்கள். அது எச்சம் அல்ல. செரிக்காத எலும்பும் மயிரும் திரண்டு வாய்வழியே கக்கியது. கூகை எலியை முழுசாக விழுங்குவதால் மண்டையோடு பெரும்பாலும் உடையாமல் வரும்.

கையுறை போட்டுத் தாளில் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு டெட்டால் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் மெதுவாகப் பிரியுங்கள். எலியின் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் உளிபோல வளைந்திருக்கும். மூஞ்சூறின் பல் சிறு ஊசிகளாக வரிசையாக இருக்கும். ஒவ்வோர் உருண்டையிலும் எத்தனை மண்டையோடு என்று தேதியோடு எழுதுங்கள். சம்பா அறுவடைக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்த்து, அதைப் பக்கத்து விவசாயிக்குக் காட்டுங்கள். எலிக்காக வயலில் ஆந்தை உட்கார குச்சி நடுகிறவர் அவர். அந்த ஆந்தை பகலில் எங்கே தூங்குகிறது என்று தெரிந்தால் அந்த மரத்தை வெட்ட விடமாட்டார்.

கூட்டுக்குள் டார்ச் அடிப்பதும், குஞ்சைப் படமெடுக்க ஏறுவதும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டையும் முட்டையையும் எடுப்பது குற்றம். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் சொல்லவும் வேண்டாம்.

9. பதிவை எங்கே சேர்ப்பது

பறவைப் பட்டியலை ஈபேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். தையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் கல்லறைத் தோட்டம் ஓர் அருமையான இடம். அன்று புதியவர்களை அழைத்து வாருங்கள். செடி, பூச்சிப் படங்களை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றலாம். இடத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டாம் என்ற வசதியைச் செங்காந்தளுக்குக் கட்டாயம் பயன்படுத்துங்கள். விதைக்கும் கிழங்குக்கும் விலை இருப்பதால் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஒரு நகலைப் பங்கு அலுவலகத்திலோ சபை அலுவலகத்திலோ கொடுங்கள். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவர் சேகரித்த செடிகள் ஐரோப்பா வரை போய்ச் சேர்ந்தன. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது. நம் பதிவு நம் ஊரிலேயே, சுத்தம் செய்யும் நாளை முடிவு செய்பவர்களின் மேசையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் புது நோட்டு வாங்காதீர்கள். முதல் ஆண்டு எழுதும்போதே இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். அடுத்த புரட்டாசியில் அந்த இடப்பக்கத்தில் தொடங்கினால், இரண்டு ஆண்டின் ஒரே வாரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தும்பை எத்தனை நாள் முந்தியது, எந்தச் சதுரத்தில் வரவில்லை என்பது பக்கத்தைத் திறந்ததுமே தெரியும்.